காட்டுவதற்காகக் கட்டிய குலை

“…பின்ன, கெட்டின கைக்குப் பங்கு இல்லியா மக்கா? எனக்கும் உண்டு, ஒனக்கும் உண்டு” என்று மணக்குடி அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியதும் என் காதில் விழுந்த முதல் பேச்சு அதுதான். அதற்கு முன்னால் அவர் சொன்னதையெல்லாம் காதில் அடைத்திருந்த கடல்தண்ணீர் விழுங்கிவிட்டது.

இரண்டு படகுகளும் ஒன்றையொன்று தொட்டபடி ஆடிக்கொண்டிருந்தன. ஒன்று நாங்கள் முங்குவதற்காக வந்த படகு. இன்னொன்று மணக்குடி அண்ணனும் அவருடைய ஆட்களும் ஓர் அரபிக்காரருக்காக மீன்பிடிக்கிற படகு. அதன் தளத்தில் கம்பிக் கூண்டுகள் நீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தன. எங்கள் படகின் ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நெற்றியில் ஏற்றிவிட்ட முகக்கண்ணாடியோடு, குளிரில் உதடு நீலம் பாரித்து என் குளச்சல் நண்பர் தண்ணீரிலேயே நின்றார். அவர் கண் அந்தக் கூண்டுகளிலேயே இருந்தது. ஏன் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டுமென்றால் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அப்போது நான் துபாயில் கராமாவில் ஒரு தட்டச்சுக் கடையில் வேலை பார்த்தேன். விசா எடுப்பது, விசா ரத்து செய்வது, குடும்பத்தை வரவழைப்பது எல்லாவற்றுக்கும் அரபியில் தட்டச்சு செய்து கொடுக்கிற கடை. எனக்கு அரபி யாரும் சொல்லித் தரவில்லை. கடைப் பலகைகளைப் பார்த்து, பக்கத்து நாற்காலி சூடான்காரரைத் தொந்தரவு செய்து, நானாகப் பொறுக்கிக்கொண்டது. அந்த வேலையில் எனக்குப் பிடித்த விஷயம், எதிரில் வந்து உட்காருகிற எல்லோரும் பேசுவார்கள். வரிசையில் நின்று அலுத்த மனிதர் உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் மனதையும் சேர்த்து இறக்கி வைத்துவிடுவார். அவர்கள் போகிற போக்கில் விடுகிற வார்த்தைகளை நான் சில்லறை சேர்ப்பது போலச் சேர்த்து வைத்துக்கொள்வேன்.

குளச்சல்காரர் அப்படித்தான் அறிமுகமானார். கோர்ஃபக்கானுக்கு வடக்கே, மலை கடலுக்குள் இறங்குகிற இடத்தில், கடலுக்குள் முங்கிப் பார்க்கிறவர்களுக்கான நிலையம் ஒன்றில் அவருக்கு வேலை. காற்றுச் சிலிண்டர்களை நிரப்புவார், படகு ஓட்டுவார், படகைக் கழுவுவார். முதலாளியின் விசா வேலைகளுக்காக மாதத்துக்கு ஒருமுறை எங்கள் கடைக்கு வருவார். ஒருநாள் எல்லாம் முடிந்தபிறகு, எழுந்து போகாமல், தன்னுடைய பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்து, ஊரில் இருக்கிற மனைவியையும் மகளையும் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். அவருடைய விசாவில் தொழில் என்ற இடத்தில் ‘தொழிலாளி’ என்றிருந்தது. அந்தத் தொழில் போட்டிருந்தால் அப்போது குடும்ப விசா கிடைக்காது. எத்தனையோ பேருக்கு நான் சொல்லிப் பழகிய பதில்தான். ஆனாலும் சொல்லும்போது எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு சொல்வது வழக்கம். அப்படியே சொன்னேன்.

அவர் பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்போ எனக்க பேரு செரியாத்தான் இருக்கு, தொழிலு தான் தப்பாப் போச்சு” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரைக் கீழே மலையாளி கடைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன். அதிலிருந்து நாங்கள் நண்பர்கள்.

வெள்ளிக்கிழமை லீவு நாட்களில் நானும் என் அறைவாசி ஒருவரும் அவருடைய கடற்கரைக்குப் போகத் தொடங்கினோம். என் அறைவாசி புதுக்கோட்டைக்காரர், எனக்கு மேல் கட்டிலில் படுப்பவர். அல் கூஸில் உறைந்த மீனும் கோழியும் அடுக்கி வைக்கிற குளிர்க்கிடங்கில் அவருக்கு டூட்டி. கம்பெனி கொடுத்த பழைய பிக்கப் அவர் கையில் இருந்ததால் எங்களுக்குப் போக்குவரத்துக் கவலை இல்லை. மசாஃபி தாண்டி மலைக்குள் நுழைந்ததும் அவர் பாட ஆரம்பித்துவிடுவார், கடல் தெரிந்ததும்தான் நிறுத்துவார். முங்கு நிலையத்தின் முதலாளி நல்ல மனிதர். எங்கள் இரண்டு பேருக்கும் முங்குவதற்கு அவரே பயிற்சி கொடுத்தார். பதிலுக்கு நான் அவர் விசா வேலைகளை முடித்துக் கொடுத்தேன், என் அறைவாசி அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளையெல்லாம் சரிபார்த்துக் கொடுத்தார். கிணற்றில் மட்டுமே நீந்திப் பழகிய நான் கடலுக்கடியில் முழங்காலிட்டு உட்கார்ந்து மூச்சுவிடக் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

கோடையில் அந்தக் கடல் வெந்நீர் மாதிரி இருக்கும். முங்குகிற கூட்டம் அப்போதுதான் வரும். குளிர்காலம் வந்தால் மேலே வெயில் இதமாக இருக்கும், தண்ணீர் மட்டும் பச்சையாகக் கலங்கி, எலும்புவரை குளிரும். ஓர் ஆழத்துக்குக் கீழே கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் சர்க்கரை கரைகிற மாதிரி ஒரு நெளிவு தெரியும். அதைத் தாண்டிக் காலை விட்டால் வேறொரு கடல். அந்தக் குளிரில் மூச்சே ஒரு நொடி நின்றுதான் திரும்பும். அதனால் குளிர்காலத்தில் நிலையத்தில் ஆளே இருக்காது. குளச்சல்காரருக்கு முழுநேர வேலை படகுக்கு வண்ணம் அடிப்பதுதான்.

உறைபனிக் கிடங்கில் வேலை பார்ப்பவர் என்பதால் என் அறைவாசி தனக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவார். தண்ணீருக்குள் இறங்கியதும் பல் தந்தியடிக்கும். கேட்டால், “அது காஞ்ச குளிருண்ணே, இது ஈரக் குளிரு. ரெண்டும் வேற வேற கம்பெனி” என்பார். ரப்பர் உடையின்மேல் இன்னொரு ரப்பர் உடை மாட்டிக்கொள்வார். அப்புறம் தண்ணீரில் முங்க முடியாமல் தக்கை மாதிரி மிதப்பார். அவரை அமிழ்த்துவதற்கென்று இடுப்பில் ஈயக்கட்டிகளைக் கூடுதலாகக் கட்டவேண்டும். நடந்து வந்தால் பழைய இரும்புக்கடை நடந்து வருகிற சத்தம் கேட்கும். படகில் ஏறியதும் தலையில் குரங்குக்குல்லா.

ஆனால் அந்தக் குளிர்த்தண்ணீரில்தான் மற்ற நாட்களில் பார்க்கமுடியாதவை வரும். மணலோடு மணலாகத் திருக்கைகள் படுத்திருக்கும். கண்ணாடிக் குடை மாதிரி சொறிமீன்கள் வரிசையாகப் போகும். எல்லாவற்றுக்கும் மேலே கணவாய். நம் ஊரில் கறியாகப் பார்த்த கணவாயை நான் உயிரோடு பார்த்தது அங்கேதான். குளிர்மாதங்களில் ஜோடி சேர்ந்து முட்டையிடக் கரையோரம் வரும் என்று குளச்சல்காரர் சொல்வார். தற்செயலாகத் தூரத்தில் ஒன்று தெரியும், நாங்கள் திரும்புவதற்குள் மறைந்துவிடும்.

ஒரு குளிர்கால ஆரம்பத்தில் முதலாளி குளச்சல்காரரிடம் ஒரு விஷயம் சொன்னார். நிலையத்தில் பணம் போட்ட கூட்டாளிகள் இரண்டு பேர் அபுதாபியிலிருந்து வரப்போகிறார்கள். குளிர்காலத்திலும் இந்தக் கடலில் காட்டுவதற்கு ஏதாவது இருக்கிறது என்று அவர்கள் நம்பிவிட்டால், வருஷம் முழுக்க நிலையத்தை நடத்தலாம். அப்படி நடத்தினால் வருஷம் முழுக்க ஒரு வழிகாட்டி வேண்டும். அது நீதான், விசாவிலும் அப்படியே மாற்றிவிடலாம் என்றார். காட்ட ஒன்றும் இல்லையென்றால் வழக்கம்போல அடைத்துவிட வேண்டியதுதான்.

குளச்சல்காரர் அன்றே எனக்குப் போன் செய்தார். வழிகாட்டி என்று விசாவில் போட்டால் குடும்பத்தைக் கொண்டுவரலாமா என்று மட்டும் கேட்டார். கொண்டுவரலாம் என்றேன். இந்த முறை நான் திரையைப் பார்த்துக்கொண்டு சொல்லவில்லை. போனில்தான் என்றாலும்.

கணவாயைத் தேடிக்கொண்டு போனால் கிடைக்காது, வரவழைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அவருடைய கரையில் அதற்கு ஒரு வழி உண்டு. காய் பறித்த தென்னங்குலைகளைக் கட்டாகக் கட்டி, மணல்மூட்டை சேர்த்துக் கடலில் இறக்கிவிடுவார்கள். முட்டையை ஒட்டவைக்க இடம் தேடி அலைகிற கணவாய் அந்தக் குலையைத் தேடி வந்து சேரும். வந்த பிறகு பிடிப்பார்கள். இவர் பிடிக்கப்போவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஊரில் தென்னைக்கு எங்கே போவது, பேரீச்சைதான். தோட்டங்களில் பழம் வெட்டி எறிந்த காய்ந்த குலைகள் மலைமலையாகக் கிடந்தன. பிக்கப் நிறைய ஏற்றிவந்தோம். பாஸ்மதி அரிசிச் சாக்குகளில் மணல் நிரப்பினோம்.

கட்டுவதற்குத்தான் ஆள் போதவில்லை. எனக்கு முடிச்சு வராது. என் அறைவாசி போட்ட முடிச்சைப் பார்த்துக் குளச்சல்காரர், இது கோழிக்குத்தான் நிற்கும், கடலுக்கு நிற்காது என்றார். அப்போது மீன்பிடித் துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மணக்குடி அண்ணனைக் கூப்பிட்டார். அவரும் குமரிக்கடற்கரைக்காரர்தான். வெள்ளிக்கிழமை மாதா கோயில் பூசையில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். மணக்குடி அண்ணன் தன் ஆட்கள் மூன்று பேரோடு வந்தார். குலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. வெளியூரில் நம் பலகாரத்தைப் பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு. நால்வரும் கயிற்றைக் கையில் எடுத்து இறுக்கின இறுக்கில் குலை கூர்ச்சம் மாதிரி ஆகிவிட்டது.

எங்கே போடப்போகிறாய், எப்போது பிடிக்கப்போகிறாய் என்று அவர் கேட்டார்.

“பிடிக்கதுக்கு இல்லண்ணே. காட்டுகதுக்கு” என்றார் குளச்சல்காரர்.

மணக்குடி அண்ணன் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “மீனு என்ன பொண்ணா மக்கா, காட்டுகதுக்கு?” என்றார். அவர் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். குளச்சல்காரரும்தான். அந்த வார்த்தையை நான் என் சில்லறைப் பையில் போட்டுக்கொண்டேன். கிளம்பும்போது மணக்குடி அண்ணன், கட்டினவர்களை மறந்துவிடாதே என்றார். மறக்க மாட்டேன் என்றார் இவர். அவர்கள் கரையில், குலை கட்டும்போது கயிற்றில் கை வைத்தவனுக்கெல்லாம் அந்தக் குலையில் பங்கு உண்டு. அன்றைக்கு அவன் கடலுக்கு வராவிட்டாலும் உண்டு. அதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அது அப்போது தெரியாது. குளச்சல்காரருக்குத் தெரியும். காட்டுவதற்குத்தான் என்று சொல்லியாயிற்றே, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்திருக்கிறார். மணக்குடி அண்ணனோ அதை ஒரு நல்ல ஜோக் என்று நினைத்திருக்கிறார்.

குலையை இறக்கிய பிறகு சில வாரங்கள் ஒன்றும் வரவில்லை. சின்ன மீன்கள் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போயின. என் அறைவாசி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரட்டை உடையில் கீழே போய் வந்து, படகில் குல்லாவுக்குள்ளிருந்து, “அண்ணே, கணவாய்க்கு இந்தக் குளிரு பத்தலயாம். எங்க கெடங்குக்குக் கூட்டிட்டுப் போயிருவமா?” என்பார். குளச்சல்காரர் சிலிண்டரைக் கழற்றுவார்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் கீழே போனபோது, அந்தப் பச்சை இருட்டில், குலையின்மேல் இரண்டு கணவாய்கள் நின்றன. ஒன்றின் முதுகில் வரிக்குதிரை மாதிரி கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஓடிக்கொண்டிருந்தன என்று நான் சும்மா சொல்லவில்லை. தலையிலிருந்து வால்வரை அலை அலையாக அந்தக் கோடுகள் நிஜமாகவே போயின. அது ஆண். தன் ஜோடியை மறைத்துக்கொண்டு நின்றது. பெண் தன் கைகளையெல்லாம் கூப்பிக்கொண்டு குலைக்குள் நுழைத்து, ஒரு முட்டையை ஒட்டிவிட்டு, பின்வாங்கி, கொஞ்சம் யோசித்து, மறுபடி நுழைந்தது. முட்டைகள் உரித்த திராட்சை மாதிரி வெள்ளையாகத் தொங்கின. பெண்ணின் நிறம் வெந்த இறாலிலிருந்து மணலுக்கும் மணலிலிருந்து பாசிக்கும் மாறியபடி இருந்தது. நான் குளிரை மறந்துவிட்டேன். என் அறைவாசிகூட நடுங்கவில்லை.

குளச்சல்காரர் கணவாயைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளையும் நீட்டி, பந்திக்கு அழைக்கிறவர் மாதிரி குலையைக் காட்டினார்.

அதற்கடுத்த வாரங்களில் நாங்கள்தான் அவருக்கு ஒத்திகை விருந்தாளிகள். எந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டும், எங்கே முழங்காலிட வேண்டும், குமிழி அதிகம் விடாமல் எப்படி மூச்சை மெல்ல இழுத்துவிட வேண்டும் என்று கீழே சைகையிலும் மேலே வாயாலும் சொல்லிச்சொல்லிப் பழகினார். கணவாய்கள் பெருகின. குலை முழுக்க முட்டை. சிலவற்றில் உற்றுப்பார்த்தால் இரண்டு கரும்புள்ளிகள், குஞ்சின் கண்கள். ஒருநாள் மாலை கடைத்தெருவில் டெலிபோன் கார்டு போட்டு ஊருக்குப் பேசினார். நாங்கள் பக்கத்தில் நின்றோம். கணவாய் சேலை மாற்றுகிற மாதிரி நிறம் மாற்றுகிறது என்று மகளிடம் சொன்னார். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் மாற்றுமா என்று அவள் கேட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, இங்கே எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று என்னிடம் கேட்டார்.

கூட்டாளிகள் ஒரு சனிக்கிழமை வருவதாக முடிவானது. அதற்கு முந்தைய வாரம் பூசை முடிந்து டீ குடிக்கும்போது, குலை கிடக்கிற இடத்தைச் சொல்லி, அதில் கணவாய் நன்றாகச் சேர்ந்துவிட்டதென்றும், சனிக்கிழமை முக்கியமான விருந்தாளிகள் வருகிறார்களென்றும் குளச்சல்காரர் மணக்குடி அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். கடலில் கண்டதைத் தன் ஆட்களிடம் சொல்லாமல் வைத்துக்கொள்வது அவர் பிறந்த கரையில் கிடையாது. அவரும் கர்வத்தோடுதான் சொல்லியிருப்பார். கட்டிய கைகளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

சனிக்கிழமைக்கு முந்தைய வெள்ளி. கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று பிற்பகலில் மூன்று பேரும் படகில் கிளம்பினோம். அந்த இடத்துக்கு வரும்போதே மேலே மிதவைகள் தெரிந்தன. அங்கே மிதவைகள் எங்கும் கிடக்கும், நான் பெரிதாக நினைக்கவில்லை. குளச்சல்காரர் மட்டும் அவற்றைப் பார்த்தபடி முகக்கண்ணாடியை இரண்டு தடவை கழுவினார்.

அந்த நெளிவைத் தாண்டிக் குளிருக்குள் போனதும் முதலில் கயிறுகள் தெரிந்தன. பிறகு கூண்டுகள். அங்கே கர்கூர் என்பார்கள். கம்பியில் பின்னிய, கவிழ்த்த கூடை மாதிரியான கூண்டு. ஓர் ஆள் உள்ளே குந்தி உட்காரலாம். புனல்வாய் வழியாக மீனுக்கு உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. குலையைச் சுற்றி, அடுப்புக்கல் வைத்த மாதிரி, மூன்று கூண்டுகள். மூன்றிலும் கணவாய்கள். உள்ளே மாட்டிய பெண்கள் வேறு வழியில்லாமல் கம்பியிலேயே முட்டையிட்டிருந்தன. வெளியே ஆண்கள் கம்பியில் ஒட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் கோடு ஓட, சுற்றிச் சுற்றி வந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று புனல்வாயைக் கண்டுபிடித்து உள்ளே போனது.

குளச்சல்காரரின் குமிழிகள் நின்றுவிட்டன. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படிப் பிடிக்கக்கூடாது என்று எங்களுக்கு ஆயிரம் தடவை சொன்னவர்.

கூண்டுகளுக்குச் சின்னக் கதவு உண்டு. வளைத்த கம்பிக் கொக்கிதான் பூட்டு, ஒரு விரலால் தள்ளினால் திறந்துவிடும். என் அறைவாசி அதைத் தொட்டுக் காட்டி, கண்ணை விரித்து அவரைக் கேட்டார். குளச்சல்காரர் தலையை ஆட்டினார். வேண்டாம். இன்னொருவன் கூண்டு. என் அறைவாசி மறுபடி காட்டினார். இவர் அவர் கையைப் பிடித்து மெதுவாக எடுத்துவிட்டார்.

அப்போது ஒரு கயிறு விறைத்தது. கூண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, மணலைப் புகை மாதிரி கிளப்பிக்கொண்டு, மேலே ஏற ஆரம்பித்தது. குளச்சல்காரர் பாய்ந்து கயிற்றைப் பிடித்தார். இன்னொரு கை கெண்டைக்காலில் கட்டியிருந்த கத்திக்குப் போனது. கத்தியின் பிடியில் விரல்கள் மூடுவதை நான் பார்த்தேன். கயிறு அவரையும் சேர்த்துக் கொஞ்சம் இழுத்தது. பிறகு இரண்டு கைகளையும் விட்டுவிட்டார். கூண்டு எங்களைத் தாண்டிப் போனது. உள்ளேயிருந்த கணவாய்கள் மை கக்கின. அந்தக் கறுப்பு எங்கள்மேல் படிந்து மெல்லக் கரைந்தது. அடுத்தது. கடைசிக் கூண்டு போகிற போக்கில் குலையில் மாட்டி, அதைப் புரட்டி, முட்டைப் பக்கம் மணலுக்குள் போகும்படி கவிழ்த்துவிட்டுப் போனது.

கத்தலாம் என்றால் வாயில் குழாய். மேலே ஓடலாம் என்றால் அதுவும் முடியாது. ஆழத்திலிருந்து சட்டென்று மேலே போனால் உடம்புக்குள் காற்று குமிழியாகி ஆளையே முடக்கிவிடும். பாதி வழியில் சற்று நேரம் கயிற்றைப் பிடித்துத் தொங்கிவிட்டுத்தான் போகவேண்டும். மூன்று பேரும் எங்கள் படகின் நங்கூரக் கயிற்றில் ஒருவர்கீழ் ஒருவராகத் தொங்கினோம். தலைக்குமேல் கூண்டுகளை இழுத்த படகின் அடிப்பாகம் தெரிந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இரண்டு கைகள் வரும், கூண்டின் விளிம்பைப் பற்றும், மேலே தூக்கும். நீருக்கு மறுபுறம் நெளிந்தாலும் எனக்கு அந்தக் கைகளைத் தெரிந்தது. குலையை இறுக்கிக் கட்டிய கைகள். குளச்சல்காரர் தலையை நிமிர்த்தவேயில்லை. தன் கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, விதிப்படி தொங்க வேண்டிய நேரம் முழுவதும் தொங்கினார். விருந்தாளிகளுக்கு நல்ல வழிகாட்டியாக இருந்திருப்பார்.

மேலே வந்தபோதுதான் பங்கு பற்றிய அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது.

நாங்கள் படகில் ஏறினோம். மணக்குடி அண்ணனின் தளத்தில் கணவாய்கள் குவியலாகக் கிடந்தன. கோடுகள் எல்லாம் ஓடி முடிந்து, வெளுத்து, மை பூசிக் கிடந்தன. அவருடைய ஆட்களில் ஒருவர் கூண்டுக் கம்பியில் ஒட்டியிருந்த முட்டைகளைத் துடைப்பத்தால் தட்டி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் முகத்தில் நல்ல வேட்டை கிடைத்தவர்களின் களைப்பும் சந்தோஷமும் இருந்தது. குளிர்காலம் முழுக்க வெறுங்கையோடு கரைக்குப் போய் அரபாப் என்கிற அந்த முதலாளியிடம் பேச்சு வாங்கியவர்கள்.

என் அறைவாசி குல்லாவைக்கூடத் தேடவில்லை. பல் கிடுகிடுக்க, “அண்ணே, நீங்க என்ன செஞ்சிட்டீங்கன்னு தெரியுமா? இவருக்கு நாளைக்கு…” என்று தொடங்கினார்.

குளச்சல்காரர் அவர் தோளில் கையை வைத்து அழுத்தினார். “சொல்லாண்டாம் மக்கா” என்றார், அந்தப் படகுக்குக் கேட்காத குரலில். “அவருக்க வீட்டுலயும் ஆளு இருக்குலா.” பிறகு மணக்குடி அண்ணனைப் பார்த்து, “உண்டுண்ணே. கெட்டின கைக்குப் பங்கு உண்டு” என்றார்.

மணக்குடி அண்ணன் தலையசைத்தார். தளத்தில் குந்தி உட்கார்ந்து, குவியலை ஆளுக்கொரு கூறாகப் பிரித்தார். ஒவ்வொரு கூறிலும் பெரிதும் சிறிதும் சமமாக வருகிறதா என்று தள்ளி நின்று ஒருமுறை பார்த்தார். குளச்சல்காரரின் கூறை இரண்டு கையாலும் அள்ளி எங்கள் படகுக்குக் கொண்டுவந்து, துடுப்புக்காலணிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, தளத்தில் வைத்தார். திரும்பிப் போனவர் தன்னுடைய கூறுக்கு முன்னால் கொஞ்சம் நின்றார். அதிலிருந்து இருப்பதிலேயே பெரிய இரண்டை எடுத்துக்கொண்டு மறுபடி வந்தார்.

“நாளைக்கு ஒனக்கு விருந்தாளி வருகாவன்னு சொன்னேல்லா” என்றார். இரண்டையும் எங்கள் குவியலின்மேல் வைத்தார். பிறகு ஒரு சாக்கைக் கடலில் முக்கி எடுத்து, பிழியாமல் அப்படியே அதன்மேல் விரித்து, வெயில் படாதபடி நான்கு முனைகளையும் உள்ளே செருகினார்.